ஐம்பது வயதை எட்டுமா டீசல் கார்?

திருவள்ளூர் மாவட்டத்தின் வரைபடத்தை விரித்துப் பாருங்கள். தென்பகுதியில், அரக்கோணம் செல்லும் ரயில் பாதையை ஒட்டித் திருவள்ளூர் நகரம் இருக்கிறது. வடகிழக்கே, ஆந்திர எல்லைக்கு அருகில், சென்னையிலிருந்து கொல்கத்தா செல்லும் நெடுஞ்சாலையில் கும்மிடிப்பூண்டி இருக்கிறது. இரண்டும் தொழில் வளம் மிக்க ஊர்கள். ஆனால், ஒரு மோட்டார் காரின் வாழ்க்கையை வைத்துப் பார்த்தால், இவற்றுள் ஒன்று தொடக்கம், மற்றொன்று முடிவு.

திருவள்ளூர் கார் பிறக்கும் ஊர். ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் நிறுவனம் 1971-இல் இங்கே மண் வாரும் எந்திரங்களைச் செய்ய ஒரு தொழிற்சாலையைத் தொடங்கியது. 1998-இல் ஜப்பானின் மிட்சுபிஷி நிறுவனத்துடன் கூட்டுச் சேர்ந்து லான்சர் என்ற காரை இங்கிருந்து வெளியிட்டது. அதில் 2 லிட்டர் டீசல் எஞ்சின் பொருத்திய வகையும் உண்டு. பின்னாளில் இசுசு வண்டிகளும், 2021 முதல் பிரெஞ்சு நிறுவனமான சித்ரோனின் கார்களும் இவ்வூரில் உருவாயின.

கும்மிடிப்பூண்டி இரும்பு உருகும் ஊர். இங்குள்ள சிப்காட் தொழிற்பேட்டையிலும் அதன் சுற்றுப்புறத்திலும், பழைய இரும்பை மின் உலைகளில் உருக்கிக் கட்டடக் கம்பி செய்யும் ஆலைகள் உள்ளன. காயலான் கடைகளில் சேரும் தகடு, குழாய், எந்திரத் துண்டு எல்லாம் இத்தகைய உலைகளில் 1,500 டிகிரி செல்சியஸுக்கு மேற்பட்ட வெப்பத்தில் குழம்பாகின்றன. வெட்டிப் பிரிக்கப்பட்ட கார்களின் இரும்புக்கும் இறுதியில் இதுவே வழி.

இதில் வருந்துவதற்கு ஒன்றுமில்லை. தாதுவிலிருந்து புதிதாக இரும்பு எடுப்பதைவிடப் பழைய இரும்பை உருக்குவதற்கு ஆற்றல் மிகக் குறைவாகவே செலவாகும். ஆயினும், எல்லாக் கார்களும் உலைக்குப் போய்விட்டால், நம் நாட்டுப் பொறியியல் வரலாற்றில் ஒரு பக்கம் கிழிந்துபோகும். ஆகவே சிலவற்றையாவது காக்க வேண்டும். எதைக் காப்பது? நல்ல காரை எப்படிக் கண்டுபிடிப்பது? கண்டுபிடித்த பின் அதை எப்படி வைத்திருப்பது? இக்கேள்விகளுக்கு விடை தேடப் புறப்பட்டால், நீங்கள் பள்ளியில் படிக்கும் இயற்பியலும் வேதியியலும் கூடவே வரும்.

15-க்கும் 50-க்கும் இடையே

இந்தியாவில் டீசல் எஞ்சின் நெடுங்காலம் பஸ், லாரி, டிராக்டர், நீர் இறைக்கும் பம்ப் ஆகியவற்றுக்கே உரியதாக இருந்தது. ஜெர்மனியில் மெர்சிடிஸ்-பென்ஸ் நிறுவனம் 260 டி என்னும் டீசல் காரை 1936-இலேயே வெளியிட்டுவிட்டது. நம் நாட்டுக்கு அது 1980-இல்தான் வந்தது. மேற்கு வங்கத்தின் உத்தர்பாராவில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் செய்துவந்த அம்பாசிடர் காரில், 1,489 கன சென்டிமீட்டர் கொள்ளளவுள்ள டீசல் எஞ்சினைப் பொருத்தினார்கள். அதன் திறன் 37 குதிரைத் திறன்தான்! இன்றைய மோட்டார் சைக்கிள்கள் சில இதை மிஞ்சிவிடும். ஆனாலும் டாக்சிக்காரர்கள் அதை விரும்பி வாங்கினார்கள். பெட்ரோலைவிட டீசல் மலிவு; ஒரு லிட்டருக்குக் கூடுதல் தூரமும் ஓடியது.

அம்பாசிடர் உற்பத்தி 2014 மே மாதத்தில் நின்றுபோயிற்று. இனிப் புதிது வராது, இருப்பவை குறையும்.

இந்தியச் சட்டப்படி, சொந்தக் காரின் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும். அதன் பின் தகுதிச் சோதனை செய்து 5 ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். 2021-இல் மத்திய அரசு வேறொரு விதியையும் கொண்டுவந்தது. முதற்பதிவு செய்து 50 ஆண்டுகளைக் கடந்த வண்டியைப் 'பழம்பெரும் வண்டி' என்று தனியே பதிவு செய்யலாம். அதன் எண்பலகையில் 'வி.ஏ.' என்ற எழுத்துகள் இருக்கும். அன்றாடப் போக்குவரத்துக்கோ வாடகைக்கோ அதை ஓட்டக் கூடாது. கண்காட்சி, அணிவகுப்பு, ஆராய்ச்சி ஆகியவற்றுக்கும், எரிபொருள் நிரப்பவும் பழுது பார்க்கவும் ஓட்டலாம். ஒரு முக்கிய நிபந்தனையும் உண்டு: அடிச்சட்டம், உடற்கூடு, எஞ்சின் ஆகியவை பெரும் மாற்றம் இன்றி மூல வடிவில் இருக்க வேண்டும்.

இப்போது ஒரு கணக்குப் போடுங்கள். 1980-இல் பதிவான டீசல் அம்பாசிடருக்கு 50 வயது நிறைவது 2030-இல். 1998-இல் பதிவான திருவள்ளூர் லான்சருக்கு 2048-இல். பதினைந்தைத் தாண்டிய காரை 'பழசு' என்பார்கள். ஐம்பதை எட்டிய காரை 'பொக்கிஷம்' என்பார்கள். இடைப்பட்ட 35 ஆண்டுகள்தாம் ஆபத்தான காலம். காயலான் கடைக்குப் பெரும்பாலான கார்கள் போய்ச் சேர்வது இந்த இடைவெளியில்தான். காப்பாற்ற வேண்டியதும் அப்போதுதான்.

தீப்பொறி இல்லாத எஞ்சின்

காரைத் தேடுமுன் அதன் எஞ்சினை அறிந்துகொள்வோம். சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பகுதியைத் தொட்டுப் பார்த்திருக்கிறீர்களா? சூடாக இருக்கும். காற்றை விரைந்து அழுத்தினால் அதன் வெப்பநிலை ஏறும். இதுவே டீசல் எஞ்சினின் உயிர்நாடி.

பெட்ரோல் எஞ்சினில் காற்றும் பெட்ரோல் ஆவியும் கலந்த கலவையை ஸ்பார்க் பிளக் பற்ற வைக்கிறது. டீசல் எஞ்சினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. சிலிண்டருக்குள் முதலில் வெறும் காற்றுதான் நுழைகிறது. பிஸ்டன் மேலேறி, அக்காற்றை இருபதில் ஒரு பங்கு இடத்துக்குள் அடக்குகிறது. காற்றின் வெப்பநிலை 500 டிகிரி செல்சியஸைத் தாண்டுகிறது. அந்த நொடியில் நாசில் என்னும் நுண்துளை வழியே டீசல் பனிப்புகைபோல் பீச்சப்படுகிறது. உடனே அது தானாகவே பற்றிக்கொள்கிறது.

ருடால்ஃப் டீசல் என்ற ஜெர்மானியப் பொறியாளர் இக்கருத்துக்கு 1892-இல் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார். ஆக்ஸ்பர்க் நகரத் தொழிற்சாலை ஒன்றில் பல தோல்விகளுக்குப் பின் 1897-இல் அவருடைய எஞ்சின் வெற்றிகரமாக ஓடியது. எரிபொருளின் ஆற்றலில் நூற்றுக்கு 26 பங்கை அது வேலையாக மாற்றியது. அக்கால நீராவி எஞ்சின்கள் பல இதில் பாதியைக் கூடத் தொடவில்லை.

இதிலிருந்து காரைத் தேடுவோருக்கு ஒரு பாடம் கிடைக்கிறது. டீசல் எஞ்சினின் உயிர் காற்றழுத்தத்தில் இருக்கிறது. பிஸ்டன் வளையமோ வால்வோ தேய்ந்து காற்று கசிந்தால், போதிய சூடு பிறக்காது. சூடு பிறக்காவிட்டால் டீசல் பற்றாது.

நல்ல காரை எப்படிக் கண்டுபிடிப்பது?

பளபளப்பைப் பார்த்து ஏமாறக் கூடாது. புதிதாகப் பெயிண்ட் அடிப்பது எளிது. நன்றாகப் பேணப்பட்ட கார் என்பது வேறு.

முதலில் ஆர்.சி. புத்தகத்தைப் பாருங்கள். அதிலுள்ள எஞ்சின் எண்ணும் சேசிஸ் எண்ணும் வண்டியில் பொறித்துள்ள எண்களோடு ஒத்துப்போகின்றனவா? பெட்ரோல் காராகப் பிறந்து, பிற்காலத்தில் வேறொரு வண்டியின் டீசல் எஞ்சினை மாட்டிக்கொண்ட அம்பாசிடர்கள் நம் ஊர்களில் ஏராளம். அவை நன்றாக ஓடலாம். ஆனால் வரலாற்றுச் சான்று ஆகமாட்டா.

அடுத்து, குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பிக் காட்டச் சொல்லுங்கள். காலையில் முதல் முறை கிளப்பும்போது நீங்கள் அங்கே இருப்பது நல்லது. பானெட்டைத் தொட்டால் முன்பே சூடாக இருக்கிறதா? அப்படியானால் யாரோ உங்களுக்கு முன்பே கிளப்பி ஓடவிட்டிருக்கிறார்கள் என்று பொருள். பழைய டீசல் கார்களில் ஹீட்டர் பிளக் என்னும் சிறு மின்சூடேற்றி உண்டு. அதைச் சில விநாடிகள் சூடாக்கிய பின் சாவியைத் திருப்பினால், நல்ல எஞ்சின் விரைவில் பிடித்துக்கொள்ளும். நெடுநேரம் சுற்றியும் பிடிக்காவிட்டால் காற்றழுத்தம் குறைந்திருக்கலாம்.

எஞ்சின் ஓடும்போது, எண்ணெய் ஊற்றும் மூடியின் வழியே புகை குபுகுபுவென வருகிறதா என்று மெக்கானிக்கைப் பார்க்கச் சொல்லுங்கள். வந்தால், சிலிண்டரிலிருந்து வாயு பிஸ்டன் வளையங்களைத் தாண்டிக் கீழே இறங்குகிறது என்று அறியலாம்.

பின்புறக் குழாயின் புகையும் பேசும். கரும்புகை என்றால் டீசல் முழுமையாக எரியவில்லை. நாசில் அழுக்கடைந்திருக்கலாம், அல்லது காற்று வடிகட்டி அடைத்திருக்கலாம். நீலப்புகை என்றால் எஞ்சின் எண்ணெயே எரிகிறது. எஞ்சின் சூடான பின்னும் வெண்புகை நிற்காவிட்டால், எரியாத டீசல் ஆவியாகவோ ரேடியேட்டர் நீர் உள்ளே கசிவதாகவோ இருக்கலாம்.

மீட்டர் காட்டும் கிலோமீட்டரை மட்டும் நம்ப வேண்டாம். பிரேக், கிளச் மிதிகளின் ரப்பர் எவ்வளவு தேய்ந்திருக்கிறது? ஸ்டியரிங் வளையம் வழவழப்பாகிவிட்டதா? அதிகம் ஓடாத காரில் இவை அதிகம் தேயா. எல்லாவற்றுக்கும் மேலாக, எந்தத் தேதியில் எண்ணெய் மாற்றினோம், எந்த உறுப்பைப் புதுப்பித்தோம் என்று உரிமையாளர் குறித்துவைத்த நோட்டுப் புத்தகம் கிடைத்தால், அது பெயிண்டைவிடப் பத்து மடங்கு மதிப்புள்ளது.

காந்தம் சொல்லும் உண்மை

இப்போது உங்கள் சட்டைப் பையிலிருந்து ஒரு சிறு காந்தத்தை எடுங்கள். ஒரு மெல்லிய துணியில் சுற்றிக் காரின் உடலெங்கும் மெதுவாக வைத்துப் பாருங்கள். நல்ல தகடு காந்தத்தைக் கவ்விப் பிடிக்கும். துருப்பிடித்த பள்ளத்தில் பட்டி பூசி மறைத்திருந்தால் அங்கே பிடிப்பு தளரும். சக்கரத்தின் மேல் வளைவு, கதவின் கீழ் விளிம்பு, கதவுக்கு அடியில் ஓடும் பட்டைச் சட்டம், டிக்கியின் தரை, மிதியடிக்குக் கீழுள்ள தரை ஆகியவற்றில் கட்டாயம் சோதியுங்கள்.

அம்பாசிடரில் இது இன்னும் முக்கியம். லாரியில் தனி அடிச்சட்டம் இருக்கும். அதன் மேல் உடலை ஏற்றியிருப்பார்கள். அம்பாசிடரிலோ தகட்டுடலே பாரத்தைத் தாங்குகிறது. ஆகவே அதன் துரு அழகைக் கெடுக்கும் துரு மட்டுமன்று. எலும்பை அரிக்கும் துரு.

துரு எப்படி உண்டாகிறது? இரும்பும் நீரும் ஆக்சிஜனும் சேர்ந்தால் நீரேறிய இரும்பு ஆக்சைடு பிறக்கிறது. உப்பு கலந்தால் வேகம் கூடுகிறது. துருப்பிடித்தல் ஒரு மின்வேதி நிகழ்ச்சி. உப்பு நீர் மின்சாரத்தை நன்கு கடத்துவதால் அது விரைகிறது. உப்பிலுள்ள குளோரைடு அயனிகள் காப்புப் படலத்தையும் துளைக்கின்றன. துருவுக்கு இரும்பைவிட அதிக இடம் வேண்டும். அதனால்தான் அது பெயிண்டை உள்ளிருந்து தள்ளிக் கொப்புளமாக்குகிறது.

கும்மிடிப்பூண்டிக்குக் கிழக்கே பழவேற்காடு ஏரியும் வங்கக் கடலும் இருக்கின்றன. அங்கிருந்து வரும் காற்று உப்புத் துகள்களைச் சுமந்து வருகிறது. ஆகவே கடலோரத்தில் வாழ்ந்த காரைவிட, உள்நாட்டுப் பக்கம் கொட்டகையில் நின்ற கார் பிழைத்திருக்க வாய்ப்பு அதிகம். வெள்ளத்தையும் மறக்க வேண்டாம். 2015 டிசம்பர் மழையிலும், 2023 டிசம்பரில் வந்த மிக்ஜாம் புயலிலும் சென்னையிலும் சுற்றுப்புறத்திலும் கார்கள் நீரில் மூழ்கின. தரை விரிப்பைத் தூக்கி முகர்ந்து பாருங்கள். இருக்கையின் அடிக்கம்பியில் சேற்றுக் கோடு தெரிகிறதா என்று பாருங்கள்.

காப்பது எப்படி?

கார் கிடைத்துவிட்டது. இனிச் செய்ய வேண்டியவை பல. அவற்றுள் முக்கியமானவற்றைப் பார்ப்போம்.

அவ்வப்போது ஓட்ட வேண்டும். 'தினமும் ஐந்து நிமிடம் கிளப்பிவிட்டு நிறுத்தினால் போதும்' என்று பலர் எண்ணுகிறார்கள். இது தவறு. ஒரு லிட்டர் டீசல் எரியும்போது ஏறக்குறைய ஒரு லிட்டர் நீர் ஆவியாக உண்டாகிறது! டீசலிலுள்ள ஹைட்ரஜன் ஆக்சிஜனோடு சேர்வதால் வரும் நீர் இது. எஞ்சின் முழுச் சூடு அடையாவிட்டால் அந்த ஆவியில் ஒரு பகுதி புகைக்குழாயிலும் எண்ணெயிலும் நீராகப் படிந்து அரிக்கும். ஐந்து நிமிடமாகப் பலமுறை கிளப்புவதைவிட, மாதம் ஒருமுறை அரை மணி நேரம் சாலையில் ஓட்டுவது மேல். மூடிய கொட்டகைக்குள் எஞ்சினை ஓடவிடவே கூடாது. புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு உயிரைக் குடிக்கும்.

டாங்கில் டீசல் நிறைந்திருக்கட்டும். பாதி காலியான டாங்கின் காற்றிலுள்ள ஈரம் இரவில் குளிர்ந்து சொட்டும். நீர் டீசலைவிடக் கனமானது. ஆகவே அடியில் தங்கும். நீரும் டீசலும் தொடும் இடத்தில் நுண்ணுயிர்கள் வளர்ந்து வழவழப்பான அழுக்காகி வடிகட்டியை அடைக்கும். வடிகட்டியின் அடியிலுள்ள நீரை அடிக்கடி வடித்துவிட வேண்டும். டீசல் பம்பும் நாசிலும் மயிரிழையைவிட நுண்ணிய இடைவெளியில் இயங்குபவை. பம்பின் உள்ளுறுப்புகள் பலவற்றுக்கு மசகும் டீசலேதான். ஒரு துளி நீரும் அவற்றுக்குப் பகை. நாசில் பீச்சும் அழுத்தம் நூறு வளிமண்டல அழுத்தத்துக்கும் மேல். கையை நீட்டினால் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். ஆகவே இந்த வேலைகளைத் தேர்ந்த மெக்கானிக்கிடமே விடுங்கள்.

ரேடியேட்டரில் கிணற்று நீர் கூடாது. மீஞ்சூர்ப் பக்கத்தில் நிலத்தடி நீரை அளவுக்கு மிஞ்சி எடுத்ததால் கடல்நீர் உட்புகுந்துவிட்டது. அத்தகைய நீர் எஞ்சினுக்குள் உப்புப் படிவையும் அரிப்பையும் உண்டாக்கும். காய்ச்சி வடித்த நீரில் துருத்தடுப்புக் கூலன்ட்டைக் கலந்து ஊற்ற வேண்டும்.

உடலை மூச்சுவிட விடுங்கள். பிளாஸ்டிக் உறையைப் போர்த்தினால் ஈரம் உள்ளே அடைபட்டுத் துருவை வளர்க்கும். பருத்தி உறையும் காற்றோட்டமான கொட்டகையும் நல்லவை. மழையில் ஓட்டினால் அடிப்பாகத்தை நல்ல நீரால் கழுவி உலர்த்துங்கள். கதவுகளின் அடியில் நீர் வடியும் துளைகள் உண்டு. அவை அடைபடாமல் பாருங்கள்.

ரப்பருக்கும் வயது உண்டு. ஓடாமலே நின்றாலும் டயர் மூப்படையும். அதன் பக்கத்தில் நான்கு இலக்க எண் இருக்கும். 1423 என்றால் 2023-ஆம் ஆண்டின் 14-ஆம் வாரத்தில் செய்தது என்று பொருள்.

மூலத்தை மாற்றாதீர்கள். அருங்காட்சியகங்களில் ஒரு பொன்விதி உண்டு: திரும்பச் சரிசெய்ய முடியாத எதையும் செய்யாதே. பழைய பெயிண்ட் உறுதியாக இருந்தால் அதைச் சுரண்ட வேண்டாம். கழற்றிய உறுப்பைத் தூக்கி எறியாமல் பெயர்ச்சீட்டு கட்டி வையுங்கள். கார்களை இவ்வாறு பேணி வைத்திருப்பதை நேரில் காண விரும்பினால், கோவையிலுள்ள ஜி.டி. கார் அருங்காட்சியகத்துக்குச் செல்லலாம்.

எல்லாவற்றையும் காக்க வேண்டுமா?

வேண்டாம். டீசல் புகை நுரையீரலுக்குக் கேடு. உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு, 2012-இல் டீசல் புகையைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் வகுப்பில் சேர்த்தது. 1980-இன் காரில் புகையை வடிகட்டும் கருவி எதுவும் இல்லை. அக்காலத்து டீசலில் கந்தகமும் மிகுதி. 2020 ஏப்ரல் முதல் நாடெங்கும் கிடைக்கும் டீசலில் பத்து லட்சத்தில் 10 பங்குக்கு மேல் கந்தகம் இருக்கக் கூடாது என்பது விதி. பழைய காருக்கும் இந்த டீசல் நன்மையே. ஆனால் தேய்ந்த எஞ்சினின் கரும்புகையை இது முற்றிலும் நீக்கிவிடாது.

எனவே, தேய்ந்து புகை கக்கும் ஆயிரம் கார்கள் தெருவில் ஓடுவதால் வரலாறு காக்கப்படுவதில்லை. அவை கும்மிடிப்பூண்டிக்குப் போய்க் கம்பியாக மாறி, ஒரு பள்ளிக்கூடத்தின் கூரையைத் தாங்கட்டும்! மூல எஞ்சினும், உறுதியான உடலும், எழுதிவைத்த வரலாறும் உள்ள சில கார்கள் மட்டும் நிற்கட்டும். மாதம் ஒருமுறை அளவாக ஓடட்டும். எது உலைக்கு, எது கொட்டகைக்கு என்று பிரித்தறியும் கண் நமக்கு வேண்டும். அந்தக் கண்ணைத் தருவது அறிவியல்.

செய்து பாருங்கள்

1. மூன்று கண்ணாடிக் குப்பிகளில் மூன்று புது இரும்பு ஆணிகளைப் போடுங்கள். முதல் குப்பியில் குடிநீர். இரண்டாவதில் உப்பு நீர். மூன்றாவதில் கொதிக்கவைத்து ஆறிய நீரை விளிம்புவரை ஊற்றி, மேலே சிறிது எண்ணெய் விடுங்கள். ஒரு வாரம் கழித்து எதில் துரு அதிகம், எதில் குறைவு என்று குறியுங்கள். காரணத்தை ஆசிரியரிடம் கூறுங்கள்.

2. உங்கள் ஊரில் பழைய டீசல் கார் எதுவும் நிற்கிறதா? உரிமையாளரிடம் அனுமதி பெற்று, எந்த ஆண்டு வண்டி, எந்த எஞ்சின், எங்கே துரு என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். அதை ஓட்டிய டிரைவரும், டீசல் பம்பைப் பிரித்துப் பூட்டத் தெரிந்த மெக்கானிக்கும் இன்னும் இருந்தால், அவர்கள் சொல்வதையும் எழுதுங்கள். காரைக் காக்க உங்களால் முடியாமற் போகலாம். அதைப் பற்றிய செய்தியைக் காக்க முடியும். அதற்கு ஒரு நோட்டும் பென்சிலும் போதும்.